கையை எடுத்தால் படம் போகும்

செத்த வீட்டில் முப்பத்தோராம் நாள் காரியமான முப்பத்தொன்று முடியும்வரை ரீவி போடக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். துவாரகனை எடுத்துக்கொண்டு போன அன்றே ரீவியைச் சுவர்ப் பக்கம் திருப்பி, வெள்ளை வேட்டி ஒன்றால் மூடிவிட்டார்கள். அது போதாதென்று கமலேஸ்வரியின் தமையன் கோணலிங்கம் டிஷ்ஷின் டெக்கோடரையும் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு சம்பூருக்குப் போய்விட்டார். "அயலட்டைச் சின்னனுகள் வந்து தெரியாத்தனமாப் போட்டிடுங்கள்" என்று காரணம் சொன்னார். பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு நாங்கள் நாடகம் பார்க்கக் குந்திவிடுவோம் என்று பயந்தாராக்கும்.

நான் சோபனா. துவாரகனின் தகப்பன் இராசதுரை என் அண்ணன். நான் கலியாணம் கட்டவில்லை. மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் வேலை, அண்ணன் வீட்டில் இருப்பு. எனக்கு வாய் நீளம் என்பது ஓர்ஸ் ஹில் மேட்டில் எல்லாருக்கும் தெரியும். கமலேஸ்வரி என்னைவிட இளையவள் என்றாலும் முறைக்கு அண்ணி. நான் வாயால் வீட்டை எரித்தால் அவள் தண்ணீர் ஊற்றி அணைப்பாள். அப்படித்தான் இத்தனை வருடம் ஒரே குசினியில் காலம் தள்ளினோம்.

துவாரகன் அவர்களுக்கு ஒரே பிள்ளை. பத்தொன்பது வயது. பந்துப் பயிற்சி முடிந்து சைக்கிளில் திரும்பும்போது லொறி அடித்தது. சவப்பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் தந்தார்கள். வீட்டுக்கு வந்தது மூடிய பெட்டியும் அதன்மேல் வைக்கப்பட்ட படமும்தான். "ஒருக்காத் திறவுங்கோ, முகத்தை மட்டும் பாக்கிறன்" என்று வந்த ஆண்கள் எல்லாரிடமும் கமலேஸ்வரி கேட்டாள். ஒருவரும் திறக்கவில்லை. திறக்காதது நல்லதென்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு, உள்ளே இருந்தது தன் பிள்ளைதானா என்று அவள் கேட்கத் தொடங்கிவிட்டாள். சோற்றில் கை வைத்தபடி கேட்பாள். விளக்குக்கு எண்ணெய் விடும்போது கேட்பாள். "மச்சாள், நீங்கள் பாத்தனீங்களா? ஆராவது பாத்தவையா?" என்பாள். 

அவன் நடமாடும் வீடியோ ஒன்றையாவது காட்டுவோம் என்று என் போன் முழுக்கத் தேடினேன். வீடியோக்கள் கிடந்தன. கோணேசர் கோயில் தேர், என் பிறந்தநாள் கேக், முற்றத்து வாழையைத் தின்ன வந்த மான்கள் எல்லாம் இருந்தன. அவற்றைப் பிடித்தவன் அவன். "மாமி, இஞ்ச பாருங்கோ" என்று குரல் வரும். ஆள் வரமாட்டான். அவனுடைய போன் அவனோடு சேர்ந்து ரோட்டிலேயே நொறுங்கிவிட்டது. கமலேஸ்வரி அந்தக் குரல்களைக் கேட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

இனி அண்ணனின் கதையையும் சொல்ல வேண்டும். அவருக்குத் துறைமுகத்தில் கிரேன் திருத்தும் வேலை. மகனையும் அங்கே பயிலுநராகச் சேர்க்க ஒழுங்கு செய்திருந்தார். நேர்முகத்துக்குப் போகவேண்டிய நாளில் துவாரகன் கிண்ணியாவில் பந்து விளையாடிக்கொண்டிருந்தான். அன்று அண்ணன் முற்றத்தில் நின்று கத்தியது உள்துறைமுகத்தில் நின்ற கப்பலுக்கும் கேட்டிருக்கும்.

"பந்து உனக்குச் சோறு போடுமோ?"

"உங்களிட்ட நான் சோறு கேக்கேல்லை."

அத்தோடு பேச்சு நின்றது. ஒரு வருடத்துக்கு மேலாக ஒரே வீட்டுக்குள் தகப்பனும் மகனும் கதைக்கவில்லை. "அப்பாட்டச் சொல்லுங்கோ", "அவனிட்டச் சொல்லு" என்று எல்லாக் கதையும் கமலேஸ்வரி வழியாகத்தான் போய்வந்தது. இரண்டு பேரும் ஒரே அச்சு. எனக்கு இரண்டு பேருக்கும் குட்ட வேண்டும்போல் இருக்கும்.

பிறகு அவன் மாவட்ட அணிக்குத் தெரிவானான். அணி கொழும்பில் இறுதி ஆட்டம்வரை போனது. ரீவியில் நேரடியாகக் காட்டினார்கள். அன்று பார்த்து எங்கள் மேட்டில் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. அண்ணனுக்கு வேலை. ஆக வீட்டில் ஒருவரும் பார்க்கவில்லை. அணி வென்றது. வந்தவனிடம் கமலேஸ்வரி, "விளையாடினியா அப்பன்?" என்று கேட்டாள்.

"முழு மட்சும் விளையாடினனான் அம்மா. கோலுக்குப் பந்து எடுத்துக் குடுத்ததும் நான்தான்."

கதிரையில் இருந்த அண்ணன் எழுந்து வந்து அவன் தோளில் கையை வைத்தார். "எனக்குப் பாக்கக் கிடைக்கேல்லையடா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். துவாரகன் சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டான். அன்று இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டார்கள். பந்து எந்தப் பக்கத்தால் வந்தது, எப்படி உதைத்தான் என்று அண்ணன் கேட்கக் கேட்க அவன் சொல்லிக்கொண்டிருந்தான். கமலேஸ்வரி குசினிக்குள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இனித் தான் தூது போகத் தேவையில்லை என்றாள். அதற்குப் பிறகு இரண்டு கிழமைதான். லொறி வந்துவிட்டது.

அந்த மட்சை வருகிற ஞாயிறு பின்னேரம் அரசாங்கச் சனலில் மறுபடியும் போடப்போகிறார்கள் என்று அணித் தலைவன் மதுசன் என் போனுக்கு அழைத்துச் சொன்னான். முப்பத்தொன்றுக்கு இன்னும் பத்து நாளுக்கு மேல் இருந்தது. நான் சொன்னதும் கமலேஸ்வரி எழுந்து நின்றாள். பெட்டி போனபிறகு அவள் தானாக எழுந்து நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

"நடக்கிறது தெரியுமா மச்சாள்? ஓடுறது தெரியுமா?"

"ஓம். முகமும் தெரியும்."

அண்ணன் சம்பூருக்குப் போன் போட்டு டெக்கோடரைக் கேட்டார். கோணலிங்கம் அத்தான் ஒரே பிடியில் நின்றார். "முப்பத்தொண்டு முடியட்டும் மச்சான். போன உயிர் இன்னும் வீட்டைச் சுத்தித்தான் நிக்கும். நீங்கள் ரீவியப் போட்டுக் கூத்தடிச்சால் அது எப்பிடிக் கரையேறும்?" என்றார். நான் போனைப் பறித்து வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் வைத்துவிட்டார். சாவுத் துடக்கு உள்ளவர்கள் இன்னொரு வீட்டு வாசல் படலை தாண்டவும் கூடாது, அவர்களுக்கு ஒரு சாமான் இரவல் கொடுக்கவும் அயலவர் யோசிப்பார்கள். போனில் பார்க்கலாம் என்று மதுசன் சொன்னான். எங்கள் மேட்டில் அது நின்று நின்றுதான் வரும். அண்ணன் என் போனை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இந்தளவுக்குள்ளயோ அவள் பிள்ளையைத் தேடுறது?" என்று திருப்பித் தந்தார்.

அடுத்த நாள் கடைக்குப் போய் அன்ரெனா கேட்டிருக்கிறார். "இப்ப ஆரண்ணை அது வாங்குறது?" என்று கடைக்காரன் சிரித்தானாம். வீட்டுக்கு வந்து முற்றத்தில் நின்று அயல் கூரைகளைப் பார்த்தார். அங்கங்கே பழைய அன்ரெனாக்கள் துருப்பிடித்துக் கிடந்தன. எல்லாம் துறைமுகத்துக்கு மேலால் ஒரே திசையைத்தான் பார்த்தன. "நான் கட்டுறன்" என்றார்.

பெரிய சாமான் ஒன்றும் இல்லை. உடைந்த மீன்பெட்டிப் பலகை ஒன்று, கோழிக்கூட்டில் மிஞ்சிய கம்பிவலை, கிணற்றடியில் கிடந்த இரும்புக் குழாய், டிஷ்ஷிலிருந்து வீட்டுக்குள் வரும் வயர். இல்லாமல் போனது வளைக்கக்கூடிய கம்பிதான்.

"உடுப்புக் கொழுவுற கம்பி ஹாங்கர் இருந்தால் காணும்" என்றார் அண்ணன்.

எங்கள் வீட்டில் நாங்கள் மூவரும் உடுப்பை மடித்து வைக்கிறவர்கள். ஹாங்கர் இருந்தது துவாரகனின் அலுமாரியில் மட்டும். சேட்டுக்குச் சுருக்கம் விழுந்தால் என் மருமகனுக்கு மூஞ்சி நீளும். அவன் போனபிறகு அந்த அலுமாரியை ஒருவரும் திறக்கவில்லை. நான் திறக்கிறேன் என்றேன். கமலேஸ்வரி என்னை விலக்கிவிட்டுத் தானே திறந்தாள். ஒவ்வொரு சேட்டாகக் கழற்றி, பொத்தானைப் பூட்டி, கட்டிலில் நீட்டி வளர்த்தினாள். கட்டில் நிரம்பிவிட்டது. ஹாங்கர்களைக் கொண்டுவந்து அண்ணனின் காலடியில் போட்டாள்.

அவர் அவற்றை வெட்டி, கவட்டைத் தடி மாதிரி வளைத்து, பலகையின் இரண்டு பக்கமும் ஆணியால் இறுக்கினார். எல்லாவற்றையும் தொடுத்து இரண்டு கம்பிகளை மேலிருந்து கீழாக இழுத்தார். பலகைக்குப் பின்னால் கம்பிவலையை அடித்தார். குசினிக்கு மேலே உள்ள தட்டுக் கூரையில் குழாயை நட்டு அதைக் கட்டியபோது, பார்க்க அசல் பைத்தியக்காரன் செய்த வேலைதான். படம் துளிகூட வரவில்லை. இறக்கிப் பார்த்தால் ஹாங்கரில் இருந்த பெயின்ற் சுரண்டப்படவில்லை. அரத்தாளால் தேய்த்துத் தேய்த்து அவருடைய விரல்நுனி பிய்ந்தது. மறுபடி ஏற்றினால் ஒரு கோடு வந்தது. கம்பிகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. இடையில் கறுப்பு ஒட்டு ரேப் சுற்றினார். சனி பின்னேரம் செய்தி வாசிக்கிற பெண்ணின் நிழல் தெரிந்தது.

தெருவில் கதை பரவாமல் இருக்குமா. பிள்ளையின் சாம்பல் ஆறவில்லை, தகப்பன் கூரையில் ஏறி அன்ரெனா கட்டுகிறான் என்று கடைவாசலில் பேசினார்கள். நான் பாண் வாங்கப் போனபோது என் காதிலும் விழுந்தது. "ஓம், படம் பாக்கத்தான் கட்டுறம். நீங்களும் வாறீங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தேன். பாணை வாங்க மறந்துவிட்டேன்.

ஞாயிறு வந்தது. கச்சான் காற்று பேய்க்காற்றாக அடித்தது. அண்ணன் குழாயைக் கயிற்றால் நாலு பக்கமும் இழுத்துக் கட்டினார். ஆனாலும் ஒரு வில்லங்கம். அவர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றால் படம் வரும். கையை எடுத்தால் படம் போகும். இப்படி ஒரு அன்ரெனாவோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது விளங்கும். கயிற்றை மாற்றினார், கல்லை வைத்தார், ஒன்றும் சரிவரவில்லை.

"பரவாயில்லை. நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். நீ பார் கமலேசு" என்று மேலிருந்து சொன்னார்.

"நீங்கள் பாக்கிறேல்லையா?"

"இடைக்கிடை இறங்கி வாறன். நீ முதல் பார்."

கமலேஸ்வரி ரீவியின் மேல் கிடந்த வேட்டியை எடுத்து மடித்து வைத்தாள். ரீவியைத் திருப்பினோம். அவள் அதற்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். நான் யன்னலடியில் நின்று, படம் எப்படி என்று மேலே சொல்லிக்கொண்டிருந்தேன். புள்ளி புள்ளியாக இருந்த திரையில் பச்சை நிறம் ஊறியது. பிறகு கோடுகள், பிறகு மனிதர்கள். எங்கள் அணி சிவப்புச் சட்டையில் வரிசையாக நின்றது. அறிவிப்பாளர் சிங்களத்தில் பெயர்களை வாசித்தார். கச்சேரி வேலையால் எனக்குச் சிங்களம் நல்லாகத் தெரியும். கமலேஸ்வரிக்கு அவ்வளவாகத் தெரியாது.

பதினொரு பெயரையும் வாசித்தார்கள். மதுசன் இருந்தான். இன்பாஸ் இருந்தான். றிஸ்கான் இருந்தான். துவாரகன் இல்லை.

நான் தவறவிட்டிருப்பேன் என்று நினைத்தேன். கமலேஸ்வரி வரிசையில் நின்ற முகங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனாள். விரல் கடைசிப் பிள்ளையோடு நின்றது. ஆட்டம் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் பந்து கோட்டைத் தாண்டி வெளியே போக, கமரா அதன் பின்னால் போய் ஓரத்தில் உட்காரப் போட்டிருந்த நீள வாங்கைக் காட்டியது. மாற்று ஆட்டக்காரர்கள் சட்டைக்கு மேல் பச்சை மேலங்கி போட்டுக்கொண்டு வரிசையாக இருந்தார்கள். நடுவில் துவாரகன். முழங்காலில் கையை ஊன்றி, தண்ணீர்ப் போத்தலைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு இருந்தான்.

"அந்தா" என்றாள் கமலேஸ்வரி. மிக மெதுவாகச் சொன்னாள்.

அவள் சிரித்தாள். கண்ணால் வழிந்தது. பிறகு அந்தச் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது. அவளுக்கும் விளங்கிவிட்டது.

மேலிருந்து அண்ணன் கூப்பிட்டார். "கமலேசு, பிள்ளை தெரியுறானா?"

"ஓம். தெரியுறான்."

"விளையாடுறானா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "மச்சாள், நீங்கள் வாயத் திறக்கப்படாது" என்றாள். பிறகு யன்னல் பக்கம் தலையைத் தூக்கி, நான் அவளிடம் ஒருபோதும் கேட்டிராத பெரிய குரலில், "விளையாடுறான். வலப்பக்கத்தால ஓடுறான்" என்றாள்.

ஏன் சொன்னாள் என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஒரு வருடம் கதைக்காமல் இருந்த தகப்பன் மகனின் தோளில் கை வைத்தது இந்த மட்சுக்காகத்தான். அந்த ஒரு பின்னேரத்தைத்தான் அவர் இப்போது பிடித்துக்கொண்டு நடமாடுகிறார். தன்னோடு கதைக்க வைக்கப் பிள்ளை பொய் சொல்லியிருக்கிறான் என்று தெரிந்தால், ஆட இறங்காமல் வந்தால் அப்பா ஏற்கமாட்டார் என்று அவன் நினைத்துவிட்டானே என்பதிலேயே மனுசன் முடிந்துபோவார்.

அதற்குப் பிறகு அவள் மட்ச் சொல்லத் தொடங்கினாள். துவாரகன் அன்று சாப்பாட்டில் சொன்னதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். "பந்து இப்ப அவனிட்ட", "ஒருத்தன் தள்ளிவிட்டிட்டான், எழும்பீட்டான்", "மதுசனுக்கு அடிக்கிறான்" என்று மேலே சொல்லிக்கொண்டே இருந்தாள். கண் மட்டும் திரையின் ஓரத்தில் கிடந்தது, வாங்கு எப்போது வரும் என்று. எப்போதாவது வரும். வந்தால் பேச்சை நிறுத்திவிடுவாள். அவன் நகத்தைக் கடித்தான். பக்கத்தில் இருந்தவனின் காதில் ஏதோ சொன்னான். அது போய்விடும். அவள் மூச்சை இழுத்து மறுபடி சொல்லத் தொடங்குவாள்.

அப்போதுதான் கோணலிங்கம் அத்தான் வந்தார், முப்பத்தொன்றன்று செய்யும் அந்தியேட்டிக்கான சாமான்கள் பற்றிக் கதைக்க. படலையில் நின்று கூரையைப் பார்த்தார். அன்ரெனாவைக் கட்டிப்பிடித்தபடி அண்ணன். உள்ளே ரீவிச் சத்தம். அவருடைய முகம் சிவந்தது.

"என்ன பிள்ளை இது? செத்த வீடோ, சினிமாக் கொட்டகையோ?"

"உள்ள வாறதெண்டால் செருப்பைக் கழட்டிப்போட்டுப் பேசாமல் வாங்கோ அத்தான். ஏலாதெண்டால் படலையிலயே நில்லுங்கோ. உள்ள ஓடுறது உங்கட மருமகன்ர மட்ச்" என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றினார். தங்கையின் பக்கத்தில் வந்து குந்தினார். கண்ணாடி கொண்டுவரவில்லை. கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு மாட்டுக்கும் மனிதருக்கும் வித்தியாசம் தெரியாது. "எங்க பிள்ளை?" என்று கேட்டார். கமலேஸ்வரி ஓடிக்கொண்டிருந்த ஒருவனைக் காட்டினாள். அவர் அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே தோள்துண்டை வாயில் வைத்து அழுதார். வழக்கமும் கரையேறுகிற உயிரும் அந்த நேரம் அவருக்கு ஞாபகத்தில் இல்லை. அவர்மேல் எனக்கிருந்த கோபம் அந்த இடத்தில் போய்விட்டது.

கோல் விழுந்தது. இன்பாஸ் வலப்பக்கத்திலிருந்து கொடுத்த பந்தை மதுசன் தலையால் முட்டிப் போட்டான்.

"கோல். எங்கட பிள்ளைதான் எடுத்துக் குடுத்தவன்" என்று கமலேஸ்வரி சொன்னாள்.

மேலே அண்ணன் சிரித்தார். "சொன்னவன். என்னட்ட அப்பிடித்தான் சொன்னவன்" என்றார். குழாயைப் பிடித்திருந்த கை ஆடியதில் படமும் ஆடியது.

கோணலிங்கம் அத்தான் எழுந்தார். "மச்சான் வெயிலுக்க காயிறார். நான் போய்ப் பிடிக்கிறன். அவர் வந்து பாக்கட்டும்."

"வேண்டாம்" என்றாள் கமலேஸ்வரி.

"என்னடி கதைக்கிறாய்? பெத்த தகப்பன்."

"கை மாறினால் படம் போயிடும். அவரே நிக்கட்டும்."

அண்ணனுக்குக் கேட்டிருக்க வேண்டும். "நான் ஒருக்கா ஓடிவந்து பாத்திட்டுப் போகட்டா கமலேசு? ஒருக்கா."

"அசையாதேங்கோ. இப்ப பந்து அவனிட்ட" என்றாள் அவள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி, சரி. நீ பார்" என்றார் அவர். தமையன் தங்கையைப் பார்த்த பார்வை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. இவ்வளவு கல்நெஞ்சா என்பதுதான் அது. எனக்கு உண்மை தெரிந்தும் அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. பொய்யைக் காப்பாற்றப் போய் பிள்ளையின் முகத்தை அவருக்கு இல்லாமல் செய்கிறாளே. நான் என்றால் இறங்கி வரச் சொல்லியிருப்பேன். நான் என்றால் உண்மையையும் உளறியிருப்பேன்.

ஆட்டம் முடியும் தறுவாயில் சீமெந்துக் கப்பல் ஒன்று உள்துறைமுகத்துக்குள் வந்தது. அது குறுக்கே வர, படம் இரட்டித்தது. ஒவ்வொரு ஆளுக்கும் பக்கத்தில் இன்னொரு மங்கல் ஆள். அந்த நேரத்தில் கமரா வாங்கைக் காட்டியது. "ரெண்டு பேரா இருக்கிறான் மச்சாள்" என்று கமலேஸ்வரி சொன்னாள். இரண்டு விரலை நீட்டி இரண்டு துவாரகனையும் தொட்டாள்.

கப்பல் நகர்ந்தது. படம் ஒன்றாகி, அன்று முழுக்க வராத அளவுக்குத் தெளிந்தது. நடுவர் விசிலை ஊதினார். வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் பச்சை மேலங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு மைதானத்துக்குள் ஓடினார்கள். துவாரகன் எல்லாருக்கும் முன்னால் ஓடினான். கமரா அவன் முகத்துக்கு நேரே வந்தது. பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். மதுசனின் முதுகில் பாய்ந்து ஏறினான். இப்போது அவனும் சிவப்புச் சட்டை. யார் விளையாடியவன், யார் இருந்தவன் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

அது கமலேஸ்வரிக்கு என்னைவிட முதலில் விளங்கியது.

"இஞ்சேருங்கோ, ஓடி வாங்கோ. கெதியா வாங்கோ. பிள்ளை ஓடுறான்" என்று கத்தினாள். அவன் ஓடுகிறான் என்று அன்று அவள் மேலே சொன்னவற்றில் அது ஒன்றுதான் உண்மை.

அவர் கையை விட்டார்.

திரை முழுக்கப் புள்ளி. இரைச்சல். அண்ணன் ஒரு காலில் செருப்போடு வாசலில் வந்து நின்றார். "எங்க?" என்றார். கோணலிங்கம் அத்தான் வேட்டியைத் தூக்கிக்கொண்டு கூரைக்கு ஓடினார். குழாயைப் பிடித்து எந்தப் பக்கமெல்லாமோ திருப்பினார். "வருதா? வருதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அண்ணன் புள்ளிகளுக்கு முன்னால் முழங்காலில் இருந்து, அதற்குள் உற்று உற்றுப் பார்த்தார். படம் வந்தபோது சவர்க்கார விளம்பரம் போய்க்கொண்டிருந்தது.

விளம்பரம் முடியும்வரை இருந்தோம். அதற்குப் பிறகு வேறு நிகழ்ச்சி போட்டார்கள்.

"என்ன காட்டினவங்கள்?" என்று அண்ணன் கேட்டார். அவருடைய உள்ளங்கை இரண்டும் குழாய்த் துருவில் சிவந்திருந்தன.

"ஓடினவன். மதுசன்ர முதுகில ஏறினவன்."

"சிரிச்சவனா?"

"சிரிச்சவன்."

"பல்லுத் தெரியவா?"

"பல்லுத் தெரிய."

அவர் தலையை ஆட்டினார். "எனக்கு அது காணும், போதும். நீ பாத்திட்டாய்தானே" என்றார். கமலேஸ்வரி அவருடைய கையைப் பிடித்துத் தன் சேலைத் தலைப்பால் துருவைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு அவள் சவப்பெட்டியைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை.

முப்பத்தொன்றுக்கு அணி முழுவதும் வந்தது. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் பிள்ளைகள் வந்திருந்தார்கள். படையல் முடிந்து பந்தலுக்குள் இலை போட்டோம். அண்ணன் அவர்கள் முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்து மட்சைச் சொன்னார். துவாரகன் வலப்பக்கத்தால் ஓடியது, ஒருத்தன் தள்ளிவிட எழும்பியது, எல்லாம் சொன்னார். அந்த மைதானத்தில் ஓடியவர்களிடமே சொன்னார். நான் சாம்பார் வாளியோடு நின்றேன். கமலேஸ்வரி சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"மதுசன், அந்தக் கோலுக்குப் பந்து எடுத்துத் தந்தது துவாரகன்தானே?" என்று அண்ணன் கேட்டார்.

மதுசன் நிமிர்ந்தான். பந்து கொடுத்த இன்பாஸ் அவனுக்குப் பக்கத்து இலையில்தான் இருந்தான். கமலேஸ்வரியின் கையில் அகப்பை அந்தரத்தில் நின்றது. அவள் அவர்களிடம் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை, அது எனக்குத் தெரியும்.

"ஓம் அங்கிள், துவாரகன்தான்" என்று இன்பாஸ் சொன்னான். "நல்ல பந்து" என்றான் மதுசன். மற்றவர்கள் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

"கேட்டீங்களா அத்தான்" என்று அண்ணன் கோணலிங்கத்தின் பக்கம் திரும்பினார். அண்ணன் முகத்தில் அப்படியொரு பெருமை.

கமலேஸ்வரி சோற்றுச் சட்டியை என்னிடம் தந்துவிட்டுக் குசினிக்குள் போனாள். நானும் பின்னால் போனேன். அவள் சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்தாள். மேலே தட்டில் அந்தக் குழாய் இன்னும் நின்றது. காற்றுக்கு ஹாங்கர் கம்பிகள் கிணுகிணுத்தது எங்களுக்குக் கேட்டது.

"என்ர அண்ணன் குழாயைத் தான் பிடிக்கிறன் எண்டு கேட்டவர் மச்சாள்" என்றாள். "அப்பவே அண்ணனைப் பிடிக்க விட்டு, இவரை வெளிய ஒரு பக்கம் நிப்பாட்டி வச்சிருந்து, கடைசியில கூப்பிட்டிருக்கலாம். முகத்தை மட்டும் பாத்திருப்பார். நான் பாத்திட்டன். அவர் பாக்கேல்லை."

 பக்கத்தில் இருந்தேன்.

"கமலேசு" என்று வெளியே அண்ணன் கூப்பிட்டார். "பிள்ளையளுக்கு இன்னும் கொஞ்சம் சோறு கொண்டு வா. இன்பாஸ் ஒண்டும் சாப்பிடாமல் இருக்கிறான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.